நகரம் நிலைக்க நாமும் அவையில் அமர்வோம்

(கல்விச் சங்கத்தின் வெள்ளிவிழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

     

வெள்ளிவிழா என்பது ஒரு சங்கம் தான் கடந்து வந்த வழியைத் திரும்பிப் பார்த்து மகிழும் நாள். இனிக் கடக்க வேண்டிய வழியை அளந்து பார்க்கும் நாளும் அதுவே. கல்வி உதவித்தொகை பற்றியும், தேர்வுப் பயிற்சி பற்றியும், வேலைவாய்ப்பைப் பற்றியும் பேசுவதற்கு என்னினும் தகுதி வாய்ந்தோர் இம்மேடையில் உளர். எனக்குப் பணிக்கப்பட்ட பொருள், நகரம் நிலைத்து வாழ்வதற்கான சமுதாய முயற்சிகளும், அவற்றில் குடியிருப்போர் ஏற்க வேண்டிய பங்கும் என்பதாகும். குப்பைக்கும் மழைநீருக்கும் கல்விச் சங்கத்திற்கும் என்ன தொடர்பு என்று உங்களுள் சிலர் ஐயுறலாம். சென்னை மாநகரில் வாழும் நம் மக்களைப் பொறுத்தவரை, இதைவிட நெருங்கிய தொடர்புடைய பொருள் வேறொன்று இல்லை என்பதே என் கருத்து. அதனை எடுத்துரைக்கவே இங்கு நிற்கின்றேன்.

நிலைத்த வளர்ச்சி என்னும் சொற்றொடர் இன்று அரசு அறிக்கைகளிலும் பள்ளிப் பாடநூல்களிலும் அடிக்கடி வழங்குகின்றது. 1987ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் அவையின் சார்பில் வெளிவந்த புருண்ட்லாந்து குழுவின் அறிக்கை இதற்கு ஓர் இலக்கணம் வகுத்தது. வருங்காலத் தலைமுறையினர் தம் தேவைகளை நிறைவு செய்துகொள்ளும் ஆற்றலைக் கெடுக்காமல், இன்றைய தலைமுறை தன் தேவைகளை நிறைவு செய்துகொள்வதே நிலைத்த வளர்ச்சி என்பது அதன் சாரம். நல்ல இலக்கணந்தான். ஆயினும் நம் அனுபவம் அதனோடு இன்னும் ஒன்றைச் சேர்க்கச் சொல்கின்றது. வருந்தலைமுறையைக் கெடுக்காமல் வாழ்ந்தால் மட்டும் போதாது; அடுத்த தெருவைக் கெடுக்காமலும் வாழ வேண்டும். ஒரு தெருவின் தூய்மையை இன்னொரு தெருவின் நாற்றத்தால் வாங்கும் நகரம் எத்தனை பூங்காக்களை அமைத்தாலும் நிலைக்காது. இந்த ஒன்றை உங்கள் உள்ளத்தில் பதிய வைத்தால் என் கடமை முடிந்தது.

யார் தோளில் நிற்கிறது இந்நகரம்?

1688ஆம் ஆண்டில் தோன்றிய பழம்பெரும் மாநகராட்சி நம்முடையது. 2011இல் அதன் எல்லை விரிக்கப்பட்டு, 426 சதுரக் கிலோமீட்டர் பரப்பும் 200 வார்டுகளும் உடையதாயிற்று. இப்பெருநகரம் நாள்தோறும் 5,000 டன்னுக்கு மேற்பட்ட குப்பையை வெளியே தள்ளுகின்றது. காலையில் வாசலில் வைத்த வாளி மாலையில் வெறுமையாக இருக்கின்றது. குப்பை போய்விட்டது என்று வீட்டார் நினைக்கின்றனர். அது எங்கும் போகவில்லை. தெற்கே பெருங்குடியிலும் வடக்கே கொடுங்கையூரிலும் பல்லாண்டுக் காலமாக மலைமலையாகக் குவிந்து கிடந்தது.

பெருங்குடிக் குப்பைமேடு எவ்விடத்தில் எழுந்தது? பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் மீது எழுந்தது. தென்சென்னையின் வெள்ளத்தை உள்வாங்கி, மெல்ல மெல்லக் கடலுக்கு விடும் இயற்கைத் தொட்டி அச்சதுப்பு நிலம். 2022ஆம் ஆண்டில் அது பன்னாட்டுச் சிறப்பு வாய்ந்த ஈரநிலங்களுக்குரிய ராம்சார் பட்டியலில் இடம் பெற்றது. அதே 2022இன் ஏப்ரல் இறுதியில் அங்குள்ள குப்பைமேடு தீப்பற்றிப் பல நாட்கள் புகைந்தது. பெருமையும் புகையும் ஒரே ஆண்டில் ஒரே நிலத்திற்கு வாய்த்தன. மாநகராட்சி அண்மை ஆண்டுகளில் அக்குப்பையைத் தோண்டிப் பிரித்தெடுக்கும் பணியைத் தொடங்கியிருப்பது வரவேற்கத்தக்கதே. ஆனால் கீழே தோண்டத் தோண்ட மேலே கலப்படக் குப்பை கொட்டிக்கொண்டேயிருந்தால் அப்பணி என்று முடியும்?

குப்பைமேட்டை அடுத்து வாழ்வோர் யாவர்? குப்பையை வாரிச் செல்வோர் யாவர்? அடைத்துக்கொண்ட சாக்கடைக் குழிக்குள் இறக்கப்படுவோர் யாவர்? இவ்வினாக்களுக்கு விடை கூற இந்த அவையில் புள்ளிவிவரம் தேவையில்லை. ஒவ்வொரு வரிசையிலும் விடை அமர்ந்திருக்கின்றது. தூய்மைப் பணி என்பது இந்நாட்டில் தொழிலாக மட்டும் இருந்ததில்லை. பிறப்போடு சேர்த்துக் கட்டப்பட்ட தளையாக இருந்து வந்திருக்கின்றது. ஆகவே நகரின் சுற்றுச்சூழலைப் பற்றிப் பேசும்போது சாதியைப் பற்றிப் பேசாமலிருப்பது, நோயைப் பற்றிப் பேசிவிட்டு நோயாளியை மறப்பதற்கு ஒப்பாகும்.

2025ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் தூய்மைப் பணியாளர்கள், பெரும்பாலும் பெண்கள், ரிப்பன் மாளிகை முன் பதின்மூன்று நாட்கள் அமர்ந்து போராடினர். தங்கள் பகுதியின் தூய்மைப் பணியைத் தனியாரிடம் ஒப்படைக்கலாகாது, தங்கள் வேலைக்கு உறுதி வேண்டும் என்பன அவர்களின் கோரிக்கைகள். நகரின் நிலைபேறு குறித்து அரங்குகளில் நடைபெறும் கருத்தரங்குகள் எத்தனையோ. அந்நாட்களில் நடைபாதையில் நடைபெற்றதும் ஒரு கருத்தரங்கே ஆகும். நகரைக் காப்பவரின் வாழ்வு நிலையற்றதாயின் நகரம் மட்டும் எவ்வாறு நிலைக்கும் என்பதே அங்கு எழுந்த கேள்வி.

சாக்கடைக் குழியும் சட்டமும்

மனிதக் கழிவை மனிதன் அள்ளும் இழிவை ஒழிக்க 1993இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அது போதாமையால் 2013இல் விரிந்த மற்றொரு சட்டம் வந்தது. பாதாளச் சாக்கடையையோ கழிவுநீர்த் தொட்டியையோ தக்க பாதுகாப்பின்றி இறங்கித் துப்புரவு செய்ய எவரையும் எந்த ஒரு தனி மனிதரோ, நிறுவனமோ, உள்ளாட்சி மன்றமோ பணியமர்த்தலாகாது என்பது அச்சட்டம். முதன்முறை மீறினால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், 1993 முதல் இவ்வாறு உயிரிழந்தோர் ஒவ்வொருவரின் குடும்பத்திற்கும் 10 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க ஆணையிட்டது. 2023 அக்டோபரில் அத்தொகையை 30 லட்சமாக உயர்த்தியது. இத்தீர்ப்புகளுக்குப் பின்னே, கோலார் தங்கவயலில் தூய்மைப் பணியாளர் குடும்பத்தில் பிறந்து, 2016இல் மகசேசே விருது பெற்ற பெசவாடா வில்சன் போன்றோரின் நெடிய உழைப்பு உண்டு.

இச்சட்டத்தில் குடியிருப்போருக்குள்ள பங்கு யாது? தனி மனிதர் என்னும் சொல்லைக் கவனியுங்கள். வீட்டுத் தொட்டி நிறைந்ததென்று தெருமுனையில் நிற்பவரை அழைத்து, சில நூறு ரூபாயும் ஒரு கயிறும் கொடுத்து இறக்குபவரும் குற்றவாளியே. அத்தொட்டிக்குள் தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு என்னும் நச்சுவாயு காற்றைவிடக் கனமானது. ஆதலால் அடியில் தங்கும். சிறிதளவாயின் அழுகிய முட்டை போல் நாறும். அளவு மிகுந்தால் மூக்கின் மோப்ப ஆற்றலையே மரக்கச் செய்துவிடும். நாற்றம் இல்லையே என்று நம்பி இறங்குபவர் மயங்கி வீழ்கின்றார். அவரைத் தூக்கச் செல்பவரும் உடன் வீழ்கின்றார். ஒரே குழியில் இருவர், மூவர் இறந்ததாகச் செய்தி வருவதன் காரணம் இதுவே. இந்த வேதியியலை நம் பிள்ளைகள் பத்தாம் வகுப்புத் தேர்வுக்காக மட்டும் படித்தால் போதாது. தெரு முழுவதும் இதை அறிந்திருக்க வேண்டும். உறிஞ்சு வண்டியைத் தவிர வேறெவ்வழியிலும் தொட்டியைத் துப்புரவு செய்ய விடோம் என்று ஒவ்வொரு தெருவும் உறுதி பூண வேண்டும். பசியின் பொருட்டு நம்முள் ஒருவர் இறங்க முற்பட்டாலும் அவர் கையைப் பற்றித் தடுக்க வேண்டும்.

வீட்டு வாசலில் தொடங்கும் சமத்துவம்

இனி, நாள்தோறும் நம் கையால் செய்யத்தக்க ஒன்றைக் கூறுகின்றேன். குப்பையை அது பிறக்கும் இடத்திலேயே பிரித்து வைப்பதே அது. மட்குவது, மட்காதது, வீட்டு நச்சுப்பொருள் என மூவகையாகப் பிரித்துத் தருவது குடியிருப்போரின் கடமை என்று 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் வரையறுத்தன. அணையாடைகளைத் தனியே தாளில் சுற்றித் தர வேண்டும் என்றும் அவை கூறின. குப்பை பொறுக்கி வாழ்வோரை அடையாளங்கண்டு, முறையான ஏற்பாட்டில் இணைக்க வேண்டும் என்பதும் அவ்விதிகளில் இருந்தது.

பிரித்து வைத்தல் சிறிய செயல் போலத் தோன்றும். அதன் உட்பொருள் பெரிது. காய்கறித் தோலும், உடைந்த கண்ணாடியும், ஊசியும், குழந்தையின் டயப்பரும் ஒரே பையில் கட்டி வீசப்பட்டால் என்னாகும்? வேறொருவர் தம் கையை விட்டு அவற்றைப் பிரித்தாக வேண்டும். அந்தக் கை யாருடையது என்பதை நாம் அறிவோம். வீட்டார் பிரிக்கத் தவறும் ஒவ்வொரு பையும் தீண்டாமையின் ஒரு பொட்டலம் என்றே நான் கருதுகின்றேன். தன் எச்சத்தைத் தானே கையாள மறுத்து, அதைத் தொடுவதற்கென்றே ஒரு பிறப்பை ஒதுக்கி வைத்த பழைய மனப்பான்மையின் எச்சமே அது. ஆகையால் இவ்விதியை முதலில் நிறைவேற்ற வேண்டியவை மாடி வீடுகள் நிறைந்த தெருக்கள். அத்தெருக்களை நோக்கி இதைக் கேட்கும் உரிமை நமக்குண்டு. அவ்வுரிமையை உரக்கக் கேட்பதற்காகவே நம் தெருக்களும் இதனைச் செம்மையாகச் செய்து காட்ட வேண்டும்.

நம் நகரங்களின் குப்பையில் ஏறத்தாழப் பாதி மட்கும் பொருளே. அது கலப்படமாகக் குவிந்து காற்றின்றி அழுகும்போது மீத்தேன் வாயுவை வெளியிடுகின்றது, தீப்பற்றுகின்றது, கருநீராக வடிந்து நிலத்தடி நீரைக் கெடுக்கின்றது. காற்றுப் படும்படி மட்க வைத்தால் அதுவே உரமாகின்றது. அதற்குப் பெரிய பொறி எதுவும் வேண்டா. பக்கங்களிலும் அடியிலும் துளையிட்ட மண் தொட்டி ஒன்று போதும். அடியில் தேங்காய் நாரும் காய்ந்த சருகும் பரப்புக. அன்றாடக் காய்கறிக் கழிவை ஒரு பிடி இட்டால் அதன்மேல் ஒரு பிடி சருகோ தென்னைநார்த் தூளோ இடுக. தொடக்கத்தில் சிறிது புளித்த மோரைத் தெளித்தால் நுண்ணுயிர்கள் விரைந்து பெருகும். சில நாட்களுக்கு ஒருமுறை கிளறி விடுக. நாற்றம் எழுமாயின் ஈரம் மிகுந்துவிட்டது என்று பொருள்; சருகைக் கூட்டுக. எறும்பு மொய்க்குமாயின் ஈரம் குறைந்துவிட்டது என்று பொருள், நீர் தெளிக்க. இரண்டு மாத அளவில் மழைமண் மணமுடைய கரும்பழுப்பு உரம் கிடைக்கும். அடுக்குமாடிக் குடியிருப்பில் பல வீடுகள் சேர்ந்து ஒரு பெரிய தொட்டி வைத்துக்கொள்ளலாம்.

சென்னையில் குடியிருப்போரே முன்வந்து குப்பையை ஒழுங்குபடுத்திய வரலாறும் உண்டு. 1989இல் தொடங்கிய எக்ஸ்னோரா இயக்கம், தெருவார் சிறுதொகை செலுத்தி மூன்று சக்கர வண்டியுடன் ஒருவரைப் பணியமர்த்தும் முறையைப் பரப்பியது. அவரைத் தெரு அழகுபடுத்துநர் என்று அவ்வியக்கம் அழைத்தது. பெயர் மாற்றம் பாராட்டத்தக்கதே. ஆனால் பெயர் மாறினால் மட்டும் நிலை மாறிவிடாது. ஊதியம், காப்பீடு, கையுறை, விடுமுறை, முடிவெடுக்கும் இடத்தில் ஓர் இருக்கை ஆகிய இவை சேர்ந்தாலன்றிப் பெயர் வெறும் அலங்காரமே.

இதற்கு மாறான ஒரு வழியைப் புனே நகரத்தில் காணலாம். 1990ஆம் ஆண்டையொட்டி, ஒரு மகளிர் பல்கலைக்கழகத்தின் வயதுவந்தோர் கல்வித் துறையினர் குப்பை பொறுக்கும் பெண்களிடையே எழுத்தறிவுப் பணியைத் தொடங்கினர். அப்பெண்களில் மிகப் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சமூகத்தினர். எழுத்துக் கற்பிக்கச் சென்ற இடத்தில் அவர்களின் தொழில் துயரம் வெளிப்பட்டது. 1993இல் அப்பெண்கள் தங்களுக்கென ஒரு தொழிற்சங்கம் கண்டனர். மாநகராட்சியின் ஏற்புடைய அடையாள அட்டை பெற்றனர். பின்னர் ஸ்வச் என்னும் கூட்டுறவு அமைப்பைத் தோற்றுவித்து, 2008இல் மாநகராட்சியுடன் உடன்படிக்கை செய்துகொண்டு, வீடு வீடாகச் சென்று பிரித்த குப்பையைப் பெறும் பணியைத் தாமே ஏற்றனர். குப்பைமேட்டில் குனிந்து நின்றவர்கள் உடன்படிக்கையில் ஒரு தரப்பினராக நிமிர்ந்து நின்றனர். இதன் தொடக்கம் ஒரு வகுப்பறை என்பதை இக்கல்விச் சங்கத்தார் மறவாதிருக்க வேண்டுகின்றேன்.

நீரின் கணக்கு

அடுத்து நீரைப் பற்றிச் சில சொல்வேன். 2015 டிசம்பரில் இந்நகரம் வெள்ளத்தில் மூழ்கியது. நான்கே ஆண்டுகளில், 2019 கோடையில், நகருக்கு நீர் தரும் ஏரிகள் வறண்டன. அவ்வாண்டு ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் நீர் கொண்டுவரப்பட்டது. மூழ்கிய நகரமே தாகத்தால் வாடிய இவ்விந்தைக்குக் காரணம் வானமன்று. நீர் தங்கும் இடங்களை நாம் அழித்ததும், பெய்த மழையைக் கடலுக்கு வழியனுப்பியதுமே காரணம்.

வெள்ளம் வந்தாலும் வறட்சி வந்தாலும் முதலில் அடிபடுவது நம் தெருக்களே. 2015 வெள்ளத்திற்குப் பின் ஆற்றங்கரைக் குடிசைவாழ் மக்கள் பலர் பெரும்பாக்கம் முதலிய தொலைவிடங்களுக்குக் குடிபெயர்க்கப்பட்டனர். பள்ளியும், பிழைப்பும், மருத்துவமனையும் ஓரிடத்திலிருக்க, உறைவிடம் மட்டும் வேறிடத்தில் அமைந்தது. ஆறுகள் மீட்கப்பட வேண்டும் என்பதில் எனக்கு மாறுபாடில்லை. ஆனால் நீர்நிலையை ஆக்கிரமித்தவர் யார் என்னும் பட்டியல் எழுதப்படும்போது, குடிசை மட்டும் முதல் பக்கத்தில் இடம் பெறுவதும், பெருங்கட்டடங்கள் அடிக்குறிப்பிலும் இடம் பெறாமல் போவதும் நீதியாகாது. அதைச் சொல்வதற்குத் தரவு வேண்டும். தரவைத் திரட்டப் படித்தவர் வேண்டும்.

மழைநீரைச் சேமிக்கும் அமைப்பு ஒவ்வொரு கட்டடத்திலும் இருக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டில் சட்டம் செய்யப்பட்டது. நம் குடியிருப்புகளில் அவ்வமைப்பு பயன்படும் நிலையில் உள்ளதா என்று பார்த்தவர் எத்தனை பேர்? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு சதுர மீட்டர் மாடியில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர். சென்னையின் ஆண்டுச் சராசரி மழை 1,300 மில்லிமீட்டருக்குக் குறைவதில்லை. 200 சதுர மீட்டர் மாடியுள்ள ஓர் அடுக்குக் குடியிருப்பில் 2,60,000 லிட்டர் நீர் விழுகின்றது. ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 2,08,000 லிட்டர் எஞ்சும். அங்கே 32 குடும்பங்கள் வாழ்ந்தால், குடும்பத்திற்கு 6,500 லிட்டர். 15 லிட்டர்க் குடத்தால் நாளொன்றுக்குப் பன்னிரண்டு குடம் செலவிடும் வீட்டிற்கு, அது முப்பத்தாறு நாள் நீர். லாரிக்குக் காத்து, குடத்தை வரிசையில் வைத்து, பள்ளிக்குத் தாமதமாகச் செல்லும் பெண் குழந்தைக்கு அது முப்பத்தாறு நாள் கல்வி.

இதற்குச் செய்ய வேண்டியவை எளியவை. ஐப்பசி மழைக்கு முன் மாடியைப் பெருக்கிக் குழாய் வாயைத் துப்புரவு செய்தல். முதல் மழையை வெளியே விட்டு, அடுத்ததைக் கூழாங்கல்லும் மணலும் நிரப்பிய வடிகட்டி வழியே தொட்டிக்கோ கிணற்றுக்கோ செலுத்துதல். எஞ்சியதை நிலத்துள் இறங்க விடும் குழியில் ஆண்டுதோறும் வண்டலை அகற்றுதல். பராமரிப்பு வாரியத்தின் கட்டடமாயின் வாரியத்திற்கு எழுதிக் கேட்டல். அமைப்பைக் கட்டுவது அரசின் கடமையாயின், அது உயிரோடு இருக்கிறதா என்று காண்பது குடியிருப்போரின் கடமை.

தாளில் உள்ள உரிமையும் காலடியில் உள்ள உரிமையும்

இவையெல்லாம் நல்ல செயல்கள்தாம். ஆயினும் குடியிருப்போரின் பங்கு என்பது துடைப்பத்தோடும் வாளியோடும் முடிந்துவிடுமாயின் நான் இவ்வளவு நேரம் பேச வேண்டியதில்லை. துடைப்பம் நம் கையில் நெடுங்காலமாகவே இருக்கின்றது. நம் கைக்கு வராமலிருந்தது நகரின் வரவுசெலவுக் கணக்குப் புத்தகம். பங்கேற்பு என்றால் அப்புத்தகத்தைத் திறந்து படிப்பதும், அதில் எழுதப்படுவதைத் தீர்மானிப்பதும் ஆகும்.

1923இல் பம்பாய்ச் சட்டமன்றம், பொதுக் குளங்களையும் கிணறுகளையும் தீண்டப்படாதோர் எனப்பட்ட மக்களும் பயன்படுத்தலாம் என்று தீர்மானம் இயற்றியது. 1924இல் மகாத் நகராட்சி அதனை ஏற்றுத் தன் சவுதார்க் குளத்தைத் திறந்துவிட்டதாக எழுதி வைத்தது. ஆயினும் மூன்றாண்டுக் காலம் நம்மவர் ஒருவரும் அக்குளத்தில் ஒரு கை நீர் அள்ளவில்லை; அள்ள விடப்படவில்லை. 1927 மார்ச் 20ஆம் நாள் அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோருடன் நடந்து சென்று அந்நீரைப் பருகிய பின்னரே தாளிலிருந்த உரிமை தரைக்கு இறங்கியது. அதன் பின்னும் நகராட்சி தன் தீர்மானத்தைத் திரும்பப் பெற்றது. வழக்கு 1937 வரை நடந்து நம் பக்கம் தீர்ந்தது. நகராட்சியின் தீர்மானம், பொதுநீர், மக்களின் நடை ஆகிய மூன்றும் சேர்ந்த அந்நிகழ்ச்சியை, நகர வாழ்வில் குடியிருப்போர் பங்கேற்பின் முதற்பாடமாக நான் கொள்கின்றேன்.

இன்றும் தாளில் உரிமைகள் உள்ளன. 1992இல் நிறைவேறி 1993 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 74ஆம் திருத்தம், மூன்று லட்சம் மக்களுக்கு மேற்பட்ட நகரங்களில் வார்டுக் குழுக்கள் அமைய வேண்டும் என்றது. தமிழ்நாட்டில் 2022இல் வார்டுக் குழுவிற்கும் பகுதி சபைக்கும் விதிகள் வெளியாயின. அவ்வாண்டு நவம்பர் முதல் நாளில் பகுதி சபைக் கூட்டங்கள் நடைபெற்றன. சிற்றூருக்குக் கிராம சபை எவ்வாறோ, அவ்வாறே நகருக்குப் பகுதி சபை. அப்பகுதியின் வாக்காளர் ஒவ்வொருவரும் அதன் உறுப்பினரே. அதில் அமர யாருடைய அழைப்பும் தேவையில்லை.

ஆனால் யார் அமர்கின்றனர்? நம் தெருவின் குழாயில் சாக்கடை நீர் கலக்கின்றது என்பதை நாம் சொல்லாவிடில் அவைக்கு எப்படித் தெரியும்? வெறுங்கையோடு செல்லாதீர்கள். எத்தனையாம் நாள் குப்பை எடுக்கப்படவில்லை, எந்தெந்தக் கம்பத்தில் விளக்கு எரியவில்லை, எந்த நாளில் நீர் கருத்து வந்தது எனத் தேதி இட்ட குறிப்பேட்டோடு செல்லுங்கள். மாநகராட்சியின் 1913 என்னும் எண்ணில் புகார் செய்தால் பதிவு எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். விடை வராவிடில் 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி 10 ரூபாய்க் கட்டணத்தில் கேளுங்கள். முப்பது நாட்களுக்குள் விடை தர வேண்டும். வறுமைக் கோட்டின் கீழுள்ளோருக்கு அக்கட்டணமும் இல்லை. நம் வார்டில் சென்ற ஆண்டு வடிகாலுக்குச் செலவிட்ட தொகை எவ்வளவு என்னும் ஒரே கேள்வி, பத்து ஊர்வலங்களின் பயனைத் தரும். 2025இல் கொடுங்கையூரில் குப்பையை எரிக்கும் உலை வருவதை எதிர்த்து, வடசென்னைக் குடியிருப்போர் சங்கங்கள் கைகோத்து மனிதச் சங்கிலியாக நின்றதையும் இங்கு நினைவு கூர்கின்றேன். தம் காற்றைப் பற்றிய முடிவில் தமக்கும் குரல் உண்டு என்பதை அவர்கள் நிலைநாட்டினர்.

இந்நகரின் அவை நமக்கு அந்நியமானதன்று. 1945இல் ந. சிவராஜ் அவர்கள் சென்னை மேயராக விளங்கினார். 2022இல் ஒடுக்கப்பட்ட சமூகத்தின் முதல் பெண் மேயராக ஆர். பிரியா அவர்கள் பொறுப்பேற்றார். தலைமை இருக்கை வரை நம்மவர் சென்றுள்ளனர். இனி நிரம்ப வேண்டியது கீழே, தெருவளவில் உள்ள ஆயிரக்கணக்கான இருக்கைகள்.

சங்கத்தின் முன்னுள்ள பணிகள்

இருபத்தைந்து ஆண்டு கண்ட இச்சங்கத்தின் முன் நான்கு வேண்டுகோள்களை வைக்கின்றேன்.

முதலாவது, நம் மாலை வகுப்புகளில் வாரம் ஒரு மணி நேரம் குடிமைக் கல்விக்கு ஒதுக்கப்பட வேண்டும். மனு எழுதுதல், பகுதி சபையில் பேசுதல், நகராட்சிக் கணக்கைப் படித்தல் ஆகியன கற்பிக்கப்பட வேண்டும். இரண்டாவது, நம் மாணவர்கள் தங்கள் தெருவின் நீர், குப்பை, வடிகால், கழிப்பிடம் ஆகியவற்றின் நிலையை ஆண்டுக்கொரு முறை கணக்கெடுத்துப் பதிவேடாகச் சங்க நூலகத்தில் வைக்க வேண்டும். பத்தாண்டுப் பதிவேடு எந்த நீதிமன்றத்திலும் பேசும். மூன்றாவது, தூய்மைப் பணியாளர் குடும்பத்துப் பிள்ளைகளுள் சுற்றுச்சூழல் பொறியியல், பொது சுகாதாரம், நகரமைப்பு, சட்டம் ஆகிய துறைகளில் பயில்வோர்க்குத் தனி உதவித்தொகை அமைய வேண்டும். குழியில் இறங்கியவரின் மகள், எவரும் இறங்கத் தேவையில்லாத குழியை வரைபடமாக வரையட்டும். நான்காவது, பள்ளியிலாயினும் தெருவிலாயினும் தூய்மை இயக்கம் என்னும் பெயரில் நம் பிள்ளைகளின் கையில் மட்டும் துடைப்பம் தரப்படுமாயின், அதனைப் பணிவோடும் உறுதியோடும் மறுக்க வேண்டும். எல்லோர் கையிலும் துடைப்பம் இருக்குமாயின் நாமும் எடுப்போம். முதல் ஆளாக எடுப்போம்.

பெருங்குடிகளே! நகரம் என்பது கட்டடங்களின் தொகுதியன்று. ஒருவர் எச்சத்தை ஒருவரும், ஒருவர் நீரை ஒருவரும், ஒருவர் காற்றை ஒருவரும் பகிர்ந்துகொண்டு வாழும் உடன்படிக்கை. அவ்வுடன்படிக்கை நெடுங்காலம் நம்மைக் கேளாமலே எழுதப்பட்டது. இனி நம் கையொப்பமின்றி அது எழுதப்படலாகாது. கையெழுத்திடக் கற்பித்த இச்சங்கம், எதில் கையெழுத்திடுகின்றோம் என்று படித்துப் பார்க்கவும், தவறாயின் திருத்தி எழுதவும் நம் மக்களுக்குத் துணை நிற்கட்டும். பொன்விழாவின்போது இம்மேடையில் நிற்பவர், எங்கள் நகரில் குழியில் இறங்கி எவரும் மாண்டிலர் என்று ஒரே வாக்கியத்தில் இப்பொருளை முடிக்கும் நிலை வரட்டும்.